எந்த வயதில் அழைத்துப் போவது? வெளிநாட்டுத் தீம் பார்க் பயணமும் குழந்தையின் நினைவும்

டோக்கியோவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆர்லாண்டோவுக்கோ பிள்ளையோடு ஒரு தீம் பார்க் பயணம் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால், கூடவே ஒரு கேள்வியும் எழும்: இப்போதே போகலாமா, பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டுமா? ‘இந்த வயதில் போனால் என்ன ஞாபகம் இருக்கப்போகிறது’ என்பார் தாத்தா. ‘இரண்டு வயது முடிவதற்குள் போனால் விமான டிக்கெட் மிச்சம்’ என்பார் பயண முகவர். ‘மிக்கி மவுஸ் நிஜம் என்று நம்புகிற வயதிலேயே போய்விட வேண்டும்’ என்பார் போய்வந்த உறவினர். பெரிய ராட்டினங்களில் ஏற முடியாவிட்டால் பணம் வீண் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. நான்கும் பொது அறிவுபோலத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனி வரலாறும் தனிப் பலவீனமும் இருக்கின்றன. அவை ஒரே வயதைச் சுட்டவும் இல்லை.

கேள்வி பிறந்த கதை

கேளிக்கைப் பூங்கா என்பது தொடக்கத்திலிருந்தே குழந்தைகளுக்கானதாக இருக்கவில்லை. கோபன்ஹேகனின் டிவோலி 1843இல் திறந்தபோது அது பெரியவர்களும் உலாவும் தோட்டம். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1897இல் வந்த ஸ்டீப்பிள்சேஸ் பார்க்கும் 1903இல் வந்த லூனா பார்க்கும் பெரும்பாலும் நகரத்து உழைக்கும் இளைஞர்களை நம்பி நடந்தவை. வால்ட் டிஸ்னி தன் மகள்களை லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப்போய், அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றும்போது பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்ததாகவும், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாகவும் பலமுறை சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. தீம் பார்க்குக்கும் குழந்தைப் பருவத்துக்கும் இன்று நாம் போடும் முடிச்சு பெருமளவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அனஹைம் காரில் வந்து மாலையில் திரும்பும் இடம். 1971இல் ஃபுளோரிடாவில் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட் விடுதிகளோடு பல நாள் தங்கும் ஊராகவே கட்டப்பட்டது. 1983இல் டோக்கியோ, 1992இல் பாரிஸ், 2005இல் ஹாங்காங் என்று கடல் கடந்து பரவியது. 2010இல் சிங்கப்பூரின் யுனிவர்சல் ஸ்டூடியோஸும் 2012இல் ஜொகூரின் லெகோலேண்டும் வந்தபின், சென்னையிலிருந்து சுமார் நான்கு மணி நேர விமானப் பயணத்தில் இவை நமக்கும் எட்டின.

தாம்பரத்துக்கு அருகே 1995இல் தொடங்கிய கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்ப் பிள்ளை பயந்து அழுதால் வீடு திரும்பிவிடலாம், அடுத்த ஆண்டு மறுபடி போகலாம். விசா, விமானம், விடுதி என்று சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டுச் செய்யும் பயணத்தில் அந்த வசதி இல்லை. பல குடும்பங்களுக்கு அது ஒரே ஒரு முறை நடப்பது. வயது பற்றிய கேள்விக்கு இவ்வளவு கனம் வந்தது அதனால்தான்.

நினைவை அளவுகோலாக வைப்பவர்கள்

வயதைப் பற்றிய வாதங்களில் மிகப் பழையதும் மிகுதியாக ஆராயப்பட்டதும் நினைவு பற்றியதுதான். பெரியவர்களிடம் அவர்களது முதல் நினைவைக் கேட்டுத் தொகுக்கும் முயற்சிகள் 1890களிலேயே தொடங்கிவிட்டன. 1905இல் சிக்மண்ட் ஃபிராய்ட் இதைக் குழந்தைப் பருவ மறதி என்று தனிப் புதிராக முன்வைத்தார். அவர் தந்த விளக்கம், அதாவது அந்த நினைவுகள் அடக்கிவைக்கப்படுகின்றன என்பது, இன்று பெரும்பாலான உளவியலாளர்களிடம் செல்வாக்கு இழந்துவிட்டது. அவர் சுட்டிய நிகழ்வு மட்டும் நிலைத்தது. மேற்கத்திய ஆய்வுகளில் வளர்ந்தவர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்ததாக இருக்கிறது. தாத்தாவின் வாதத்துக்கு இதுவே அடித்தளம்.

அதற்குப் பொருத்தமான மறுமொழி ஒன்று தீம் பார்க்கிலிருந்தே வந்தது. நீனா ஹாமண்ட், ராபின் ஃபைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு, டிஸ்னி வேர்ல்ட் போய்வந்த 48 குழந்தைகளைப் பற்றியது. போனபோது ஒரு பிரிவினருக்கு மூன்று வயது கடந்து ஒரு மாதம், மற்றவர்களுக்கு நான்கு வயது கடந்து ஒரு மாதம். சிலரிடம் ஆறு மாதம் கழித்தும் சிலரிடம் பதினெட்டு மாதம் கழித்தும் பேட்டி எடுத்தார்கள். எல்லாக் குழந்தைகளும் நிறையவே நினைவுகூர்ந்தன. வயதில் மூத்த பிள்ளைகள் கூடுதல் விவரத்தோடும், தூண்டாமலேயும் சொன்னார்கள். ஆனால் நினைவில் நின்ற செய்தியின் அளவில் இரு வயதினருக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றி அடிக்கடி பேசிய பிள்ளைகளுக்குக் கூடுதலாக நினைவிருந்தது. இந்தக் கடைசி முடிவு, நினைவு என்ற பொறுப்பில் பாதியைக் குழந்தையின் மூளையிலிருந்து எடுத்துக் குடும்பத்தின் பேச்சில் வைக்கிறது.

அப்படியானால் மூன்று வயது போதும் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. பதினெட்டு மாதம் நிற்பது வேறு, பதினெட்டு ஆண்டு நிற்பது வேறு. பாட்ரீசியா பாவரும் மரீனா லார்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. மூன்று வயதில் பெற்றோருடன் பேசிப் பதிவுசெய்த நிகழ்வுகளை அதே குழந்தைகளிடம் பின்னாளில் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதில் கேட்கப்பட்டவர்கள் அவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் நினைவில் வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் கேட்கப்பட்டவர்களிடம் அது 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. குழந்தைப் பருவ மறதி குழந்தைப் பருவத்திலேயே, பள்ளியின் தொடக்க வகுப்புகளில் நிகழ்ந்துவிடுகிறது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: எட்டு, ஒன்பது வயதில் எஞ்சிய நினைவுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கதையாக நிறைவானவை. மறதிக்கான உடற்காரணத்தைத் தேடிய டொரன்டோவின் பால் ஃபிராங்லண்ட், ஷீனா ஜாஸ்லின் குழுவினர், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்புச் செல்கள் வேகமாக உருவாவது பழைய பதிவுகளைக் குலைக்கிறது என்று 2014இல் எலிகளில் காட்டினார்கள். எலியிலிருந்து மனிதக் குழந்தைக்குத் தாவும்போது நிதானம் தேவை.

முதல் நினைவின் வயது எல்லாச் சமூகத்திலும் ஒன்றாக இல்லை என்பது வாதத்தை மேலும் சிக்கலாக்குகிறது. உளவியலாளர் ச்சி வாங் செய்த ஒப்பீடுகளில் அமெரிக்கர்களின் முதல் நினைவைவிடச் சீனர்களின் முதல் நினைவு சுமார் ஆறு மாதம் பிந்தியது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் முதல் நினைவு ஐரோப்பிய வம்சாவளியினரைவிட முந்தியது. குழந்தையிடம் பழையதைப் பேசும் முறை இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். ‘அங்கே என்ன பார்த்தாய், அப்புறம் என்ன ஆச்சு, உனக்கு எப்படி இருந்தது’ என்று விரித்துக் கேட்கும் தாய்மாரின் பிள்ளைகள் பின்னாளில் விரிவாக நினைவுகூர்வதை எலெய்ன் ரீஸ் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பேச்சும் படமும் நினைவைக் காக்கும் என்றால், அவையே நினைவை உருவாக்கவும் கூடும். கேத்ரின் பிரவுன், ரியனன் எலிஸ், எலிசபெத் லாஃப்டஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட சோதனையில், டிஸ்னிலேண்டில் பக்ஸ் பன்னியைச் சந்திப்பதாக ஒரு பொய் விளம்பரத்தைக் காட்டினார்கள். பக்ஸ் பன்னி வார்னர் நிறுவனத்தின் பாத்திரம். டிஸ்னி பூங்காவில் அது நிற்க வழியே இல்லை. ஆனாலும் பார்த்தவர்களில் சிலர், சிறுவயதில் அங்கே அதனோடு கைகுலுக்கியதாகப் பிறகு சொன்னார்கள். ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி வளர்ந்த பிள்ளை ‘எனக்கு ஞாபகம் இருக்கிறது’ என்று சொல்லும்போது அது எந்த வகை ஞாபகம் என்று பிரித்தறிவது கடினம். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். குடும்பக் கதையாகக் கிடைத்த நினைவும் ஒரு பிள்ளைக்குச் சொத்துதான்.

நினைவையே அளவுகோலாக வைப்பதில் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அனுபவிக்கும் நான், நினைவுகூரும் நான் என்று உளவியலாளர் டேனியல் கானமன் பிரித்துக் காட்டியது இங்கே உதவும். நினைவில் நிற்காததால் ஒரு நாளின் மகிழ்ச்சி மகிழ்ச்சி இல்லாமல் ஆகிவிடாது. நினைவு மட்டுமே கணக்கு என்றால் ஒரு வயதுப் பிள்ளைக்கு யாரும் தாலாட்டுப் பாட வேண்டியதில்லை. அதே சமயம், அந்த வயதில் வேண்டிய மகிழ்ச்சி கடல் கடந்துதான் கிடைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. நினைவு வாதத்தை மறுப்பவர்கள் பலர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

உடம்பு சொல்லும் பதில்

பூங்காக்கள் தாமே தரும் பதில் சென்டிமீட்டரில் இருக்கிறது. டோக்கியோ டிஸ்னிலேண்டில் ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு 90 செ.மீ., பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 செ.மீ. உயரம் வேண்டும். பக்கத்திலுள்ள டிஸ்னிஸீயில் இண்டியானா ஜோன்ஸுக்கு 117 செ.மீ. சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் நான்கு வயதின் நடுவளவு சுமார் 103 செ.மீ., ஏழு வயதின் நடுவளவு சுமார் 121. இந்தியப் பிள்ளைகளில் பலர் இதற்குச் சற்றுக் கீழே இருப்பார்கள். ஆக, 102 என்ற வாசல் நான்கு, நாலரை வயதிலும், 122 என்ற அடுத்த வாசல் ஏழு, எட்டு வயதிலும் திறக்கிறது.

ஆனால் உயர வரம்பு பாதுகாப்புக்கான பொறியியல் அளவு. பிள்ளை அதில் ஏற விரும்புமா என்பதை அது சொல்வதில்லை. 102 செ.மீ. தொட்ட நான்கு வயதுக் குழந்தையை இருட்டில் பாயும் வண்டியில் ஏற்றுவது அறிவுடைமையா என்பது தனிக் கேள்வி. மறுபக்கம், ‘உயரம் இல்லாவிட்டால் பணம் வீண்’ என்பதும் மிகை. டம்போ ராட்டினத்துக்கும், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவான ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ படகுக்கும் உயர வரம்பே கிடையாது. டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில் ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது.

உயரத்தை அளவுகோலாக வைப்பவர்கள் அதிகம் பேசாதது வரிசையும் வெயிலும் தூக்கமும். பிள்ளையின் நாளைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவைதான். பகல் தூக்கம் விடாத குழந்தை பிற்பகலில் நிச்சயம் சோர்ந்துபோகும். நேர வேறுபாடு இதோடு சேரும்போது தூரம் முக்கியமாகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே, டோக்கியோ மூன்றரை மணி முன்னே. ஃபுளோரிடா ஒன்பதரை முதல் பத்தரை மணி பின்னே. சென்னையிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேர் விமானம் இல்லை. விமானம் மாறிப் போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகும், பிள்ளையின் இரவும் பகலும் தலைகீழாகும். சிறுபிள்ளையோடு செல்பவர் அங்கே முதல் இரண்டு நாட்களைப் பூங்காவுக்கு ஒதுக்காமல் இருப்பது நல்லது.

விலைப்பட்டியல் வகுத்த வயது

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் அமர்ந்து பயணம் செய்தால் விமான நிறுவனங்கள் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கே வாங்குகின்றன. ஃபுளோரிடா, பாரிஸ், ஹாங்காங் டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயதுக்குள் இலவசம். டோக்கியோவிலும் சிங்கப்பூர் யுனிவர்சலிலும் நான்கு வயதுக்குள். ‘சீக்கிரம் போய்விடு’ என்ற அறிவுரையின் வேர் இந்த எண்களில் இருக்கிறது. குழந்தையின் வளர்ச்சியைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை. தாய் தந்தையின் டிக்கெட்டும் விடுதியும் எப்படியும் முழு விலைதான். மிச்சமாகும் தொகை மொத்தச் செலவில் ஒரு பகுதியே. வயதைத் தேர்ந்தெடுக்க இதைவிடப் பலவீனமான காரணம் இல்லை என்று சொல்லலாம்.

நம்புகிற வயது

மிக்கியை உயிருள்ளதாக நம்பும் பருவம் கழிவதற்குள் போக வேண்டும் என்ற கருத்துக்கு உணர்ச்சி வலு அதிகம். நம்பிக்கையும் பயமும் ஒன்றாகவே வருகின்றன என்பதை அது மறந்துவிடுகிறது. வீட்டில் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும் இரண்டு வயதுக் குழந்தை, ஆறடி உயரத்தில் அசைந்து வரும் அதே உருவத்தைக் கண்டு அம்மாவின் தோளில் முகம் புதைப்பது வழக்கமான காட்சி.

இங்கே உளவியலாளர் பால் ஹாரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991இல் வெளியிட்ட சோதனைகள் வெளிச்சம் தருகின்றன. காலிப் பெட்டிக்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அது நிஜமில்லை என்று நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகள் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் தனியே விடப்பட்டதும் சிலர் பெட்டியைச் சந்தேகத்தோடு அணுகினார்கள். அறிவதும் உணர்வதும் இரண்டு தனித் தடங்களில் ஓடுகின்றன. இதை மறுபுறமாகவும் வாசிக்கலாம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்த ஒன்பது வயதுப் பிள்ளையும் மிக்கியைக் கட்டிப்பிடித்து மகிழ முடியும். நம்பிக்கை போய்விட்டால் மாயமும் போய்விடும் என்ற அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை.

யாருக்காக இந்தப் பயணம்?

வயதுக் கேள்வியையே ஐயத்தோடு பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் முதல் வரிசை பண்பாட்டு விமர்சகர்கள். உம்பெர்ட்டோ எக்கோவும் ழான் போத்ரியாரும் டிஸ்னிலேண்டை அசலைவிட அசலாகக் காட்டிக்கொள்ளும் போலியாக வாசித்தார்கள். பாரிஸ் பூங்கா வந்தபோது நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கின் அதைப் பண்பாட்டுச் செர்னோபில் என்றார். கூர்மையான வாசிப்புகள்தான். ஆனால் இவர்கள் பூங்காவைப் பார்த்தார்கள், அங்கே நிற்கும் குழந்தையைப் பார்க்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அசலுக்கும் நகலுக்கும் உள்ள பேதம் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரலாற்றாசிரியர் கேரி கிராஸ் 2004இல் வெளிவந்த தன் நூலில், குழந்தையின் வியப்பைக் காண ஏங்குவது இருபதாம் நூற்றாண்டின் பெரியவர்கள் என்றும், அந்த ஏக்கத்தின் மீதே ஒரு சந்தை எழுந்தது என்றும் வாதிட்டார். ஓய்வு பற்றி ஆராய்ந்த சூசன் ஷாவும் டான் டாசனும் 2001இல், குடும்ப ஓய்வு என்று சொல்லப்படுவது உண்மையில் பெற்றோர் ஒரு நோக்கத்தோடு செய்யும் வேலை என்று காட்டினார்கள். அதன் சுமை பெரும்பாலும் தாயின் மீதே கூடுதலாக விழுகிறது. டிக்கெட், உணவு முன்பதிவு, சைவச் சாப்பாடு, மருந்துப் பை, மாற்றுத் துணி எல்லாவற்றையும் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று எந்த வீட்டிலும் பார்த்தால் இது புரியும். அந்த ஒருவர் நாள் முழுதும் பதற்றத்தில் இருந்தால் பிள்ளையின் வயது எதுவாக இருந்தும் பயனில்லை.

குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்காமல் பெற்றோரை, அதிலும் தாயை மட்டும் கேட்டே சுற்றுலா ஆய்வு நெடுங்காலம் நடந்தது என்ற குறையை நீல் கார் போன்ற சுற்றுலா ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. அதன் 31ஆம் பிரிவு விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் உள்ள உரிமையைச் சொல்கிறது. 12ஆம் பிரிவு தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைச் சொல்கிறது. விடுமுறைக்கும் இதைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. நான்கு வயதுப் பிள்ளையிடம் நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது. ராட்டினங்களின் காணொளியைச் சேர்ந்து பார்த்து, ‘இது வேண்டுமா, அது வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்க முடியும். ‘வேண்டாம்’ என்பதை அங்கே போனபின்னும் மதிக்க வேண்டும். பணம் கட்டியாகிவிட்டது என்று அழுகிற பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இப்படி முன்கூட்டிப் பேசுவதற்கு இன்னொரு பலனும் இருக்கலாம். டச்சுப் பயணிகளைப் பற்றி யெரூன் நவெய்ன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயணம் போகிறவர்கள் போவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பியபின் அந்த வேறுபாடு பெரும்பாலோரிடம் மறைந்துவிட்டது. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு, குழந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நாட்காட்டி எனும் தடை

வயது பற்றிய விவாதம் எல்லாம் முடிந்தாலும் பள்ளி விடுமுறை வந்து குறுக்கே நிற்கும். நம் அரையாண்டு விடுமுறை விழுவது கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில், உலகின் எல்லாப் பூங்காக்களும் நிரம்பி வழியும் நாட்களில். காலாண்டு விடுமுறை அக்டோபர் முதல் வாரத்தைத் தொட்டால் சீனாவின் தேசிய நாள் விடுமுறையோடு மோதும். அப்போது ஹாங்காங், ஷாங்காய் பூங்காக்களைத் தவிர்ப்பது நலம். கோடை விடுமுறையின் தொடக்கம் ஜப்பானின் கோல்டன் வீக்கோடும், அதன் கடைசிப் பகுதி சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறையோடும் சேர்கிறது. இடையிலுள்ள மே நடுவாரங்கள் இரண்டு ஊருக்கும் ஓரளவு தோதானவை. பள்ளி சேராத பிள்ளையோடு போவதன் உண்மையான அனுகூலம் இதுதான்: எந்த மாதமும் போகலாம். விமானக் கட்டணச் சலுகையைவிட இது பெரிய அனுகூலம் என்றாலும் விவாதங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

தீராதவை

மேலே கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. தாத்தா பாட்டி, சித்தி, மாமா என்று பத்துப் பேர் சேர்ந்து போய், பிறகு ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பத்தில் நினைவு எப்படி உருவாகும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. ஹாமண்ட், ஃபைவுஷ் ஆய்வு பதினெட்டு மாதத்தோடு நிற்கிறது. பேச்சு நினைவை வளர்த்ததா, நன்றாக நினைவிருந்த பிள்ளைகள் தாமே அதிகம் பேசினார்களா என்பதும் அந்த ஒரு தொடர்பிலிருந்து உறுதியாகாது. பெருஞ்செலவுப் பயணத்தின் நினைவு உள்ளூர்ப் பூங்காவின் நினைவைவிட வலுவானதா என்பதும் திறந்த கேள்வியே.

இருக்கும் ஆதாரங்களை வைத்து நான் வரும் தற்காலிக முடிவு இது. மூன்று வயதுக்குள் போவதாக இருந்தால் அது பெரியவர்களின் விடுமுறை என்று ஒத்துக்கொண்டு போகலாம். அதில் தவறொன்றும் இல்லை, பூங்காவுக்கு அரை நாள் போதும். சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற அருகிலுள்ள ஊர்களுக்கு நான்கரை, ஐந்து வயது நியாயமான தொடக்கம். ஜப்பானுக்கு ஆறு. அமெரிக்காவுக்கு ஏழு முடியும்வரை பொறுப்பது நல்லது. ஆண்டுதோறும் போகும் வசதியில்லாமல் ஒரே ஒரு முறைக்காகச் சேமிக்கும் குடும்பம் எட்டு, ஒன்பது வயதுவரை தயங்காமல் காத்திருக்கலாம். அதற்குள் எதுவும் கைநழுவிப் போய்விடாது.